குளிர் தாங்கும் ஆரஞ்சு: பழத்தைத் தேடிப் போய் வேரைக் கண்ட கதை

போன மாதக் கூட்டம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, கொடைக்கானல் மேல்மலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி தன் கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு விளம்பரம். "மைனஸ் 10 டிகிரி குளிர் தாங்கும் ஆரஞ்சு. கன்று ஒன்று 650 ரூபாய். பலன் உறுதி." படத்தில் பனி படர்ந்த மரத்தில் கொத்துக் கொத்தாய்ப் பழம்.

"சார், எங்க ஊர்ல மார்கழி, தை ராத்திரியில புல் மேல பனி உறைஞ்சு வெள்ளையா கிடக்கும். இருநூறு கன்னு வாங்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

"எந்த வேர்ல ஒட்டினதுன்னு கேட்டீங்களா?" என்றேன். அவர் கேட்கவில்லை. அங்கேயே விற்பனைக்காரருக்குப் போன் போட்டார். "ஹைபிரிட் வேர் சார், நல்ல வேர்" என்று பதில் வந்தது.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வங்கியில் இருந்த காலத்தில் தோட்டக் கடன் கேட்டு வருகிறவரிடம் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல் எல்லாம் வாங்கிப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்காமல் ஒரு கோப்பும் என் மேசையைத் தாண்டியதில்லை. ஆனால் "கன்று எந்த மரத்துப் பிள்ளை? எந்த வேரில் நிற்கிறது?" என்று ஒருவரிடம்கூடக் கேட்டதில்லை. படிவத்திலும் அந்தக் கட்டம் கிடையாது. எலுமிச்சைத் தோட்டம் போட்ட ஒருவருக்கு ஐந்தாம் வருஷம், தவணை தொடங்குகிற நேரத்தில், மரங்கள் மஞ்சளாகி நுனியிலிருந்து காய்ந்து வந்தன. நிலத்துப் பத்திரம் சுத்தமாக இருந்தது. செடியின் பத்திரத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை. அவருக்குப் போன வசூல் நோட்டீசில் கையெழுத்துப் போட்டவன் நான். ஓய்வு பெற்று நானே நாற்பது எலுமிச்சை வைத்தபோதும் அதே தப்பைச் செய்தேன். பதினாறு மரங்கள் போய்விட்டன. அதற்கப்புறம்தான் இந்தக் குடும்பத்தின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

குளிர் தாங்கும் ஆரஞ்சைத் தேடிய வரலாறு ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டில் நடந்தது. ஆனால் அதன் பாடம் நம்முடைய கன்றுக் குழி வரைக்கும் வருகிறது.

யாருக்கு எவ்வளவு குளிர்?

எலுமிச்சைக் குடும்பத்தின் தாய்வீடு இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். அசாமின் கிழக்குப் பகுதி, வட மியான்மர், சீனாவின் யுன்னான் மேற்குப் பகுதி இவற்றைச் சுற்றிய நிலம் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. வெதுவெதுப்பும் மழையும் உள்ள காட்டில் பிறந்த இனம். அதனால் பெரும்பாலானவற்றுக்கு உறைபனி ஆகாது.

எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. நம் நாட்டு எலுமிச்சையும் கடாரங்காய் வகையும் ரொம்பப் பூஞ்சை. மைனஸ் 2, 3 டிகிரியிலேயே இலை கருகும். சாத்துக்குடி, ஆரஞ்சு வகைகள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஜப்பானின் சட்சுமா என்ற கமலா வகை, குளிருக்குப் பழகிய நிலையில், சுமார் மைனஸ் 8 டிகிரி வரை தாங்கும். விரல்நுனி அளவுப் பழம் தரும் கும்குவாட்டும், ஜப்பானியர் சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் யூசுவும் அதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் ஒன்று இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியிலும் சாகாத அதன் பெயர் மூவிலை ஆரஞ்சு.

அதன் இலையைப் பார்த்தால் நம் வில்வம் ஞாபகம் வரும். ஒரு காம்பில் மூன்று இலை. வில்வமும் இதே பெருங்குடும்பத்துச் சொந்தம்தான். மூவிலை ஆரஞ்சின் ஊர் சீனா. ஒன்றரை அங்குல முள், எலுமிச்சை அளவுக்குக் காய், உள்ளே விதையும் பிசினும், வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆனால் அதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. குளிர்காலம் வந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். மற்ற எலுமிச்சை வகைகள் வருஷம் முழுக்க இலையோடு நிற்பவை. அவற்றுக்கு இந்தத் தூக்கம் தெரியாது.

குளிர் எப்படிக் கொல்கிறது என்று பார்ப்போம். இலைக்குள் செல்களுக்கு இடையில் இருக்கும் ஈரம் முதலில் பனிக்கட்டி ஆகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உள்ளே வறண்டு, சவ்வு சிதைந்து, வெயில் பட்டதும் இலை வெந்த கீரை மாதிரி தொங்கிவிடுகிறது. சில வாரம் மெல்ல மெல்லக் குளிர் கூடி வந்தால் மரம் துளிர் விடுவதை நிறுத்தி, தன் சாற்றைக் கெட்டியாக்கிக்கொண்டு தயாராகிவிடும். திடீரென்று வந்தால், அதே மரம் அதைவிடக் குறைந்த குளிருக்கே செத்துப்போகும். ஆகவே "மைனஸ் 10 தாங்கும்" என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. அதற்கு முன் ஒரு மாதம் வெயில் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சீனத்து மந்திரி சொன்ன உவமை

சீனாவில் ஹுவாய் என்றொரு ஆறு. அதன் தெற்கே கமலா ஆரஞ்சு விளையும். அதையே வடக்கே கொண்டுபோய் வைத்தால் கசப்பு மூவிலை ஆரஞ்சாக மாறிவிடும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே ஒரு நம்பிக்கை. சீ நாட்டு மந்திரி யான் யிங், சூ நாட்டு அரசவைக்குத் தூது போனபோது நடந்ததாக ஒரு கதை. அவரை அவமானப்படுத்த, ஒரு திருடனைக் கட்டி இழுத்து வந்து "இவன் உங்க ஊர்க்காரன். உங்க ஊரில் எல்லோரும் திருடர்களா?" என்று அரசன் கேட்டானாம். மந்திரி இந்த ஆரஞ்சு உவமையைச் சொல்லி, எங்கள் ஊரில் ஒழுங்காக இருந்தவன் உங்கள் ஊர் மண்ணுக்கு வந்ததும் திருடனாகிவிட்டான் போலிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாராம்.

ஒரு செடி மண் மாறியதால் வேறு செடி ஆகாது. ஆனால் ஒட்டுக்கட்டிய தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்த நம்பிக்கை புதிதாகத் தெரியாது. மேலே நல்ல ரகம், கீழே வேறு வேர்ச்செடி. உறைபனியில் மேல் ரகம் கருகிப் போகும். அடுத்த வசந்தத்தில் கீழே இருக்கும் வேர்ச்செடி துளிர்த்து வரும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் நட்டது கமலா, நிற்பது கசப்புக்காய். நம் தோட்டங்களிலும் ஒட்டுக்குக் கீழே வரும் கிளையைக் கிள்ளாமல் விட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறோம்.

சீனர்கள் இந்தத் தொழிலில் மூத்தவர்கள். 1178-ல் ஹான் யென்சி என்ற அதிகாரி, வென்சோ பகுதியின் ஆரஞ்சு வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 27 வகைகள், ஒட்டுக்கட்டுதல், பூச்சி, அறுவடை என்று விவரமாக. அதற்கும் முந்தைய, கி.பி. 304 என்று தேதியிட்ட இன்னொரு சீன நூலில், ஆரஞ்சு மரத்துப் பூச்சிகளைத் தின்ன முசுறு எறும்புக் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கி மரத்தில் கட்டும் பழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. மாமரத்து முசுறைப் பார்த்துப் பயந்து மருந்தடிப்பவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

விதையில்லாக் கமலா

ஜப்பானின் தெற்கே ககோஷிமா பகுதியில், சுமார் 400 வருஷத்துக்கு முன் தானாக முளைத்த ஒரு செடியிலிருந்து வந்ததுதான் சட்சுமா. ஜப்பானியர் வைத்த பெயர் உன்ஷு மிகான். உன்ஷு என்பது சீனத்து வென்சோவைக் குறிக்கும் சொல். ஆனால் பெயர்தான் சீனம், பிறப்பு ஜப்பான். கிஷு என்ற சிறு கமலாவும் குனென்போ என்ற இன்னொரு வகையும் கலந்து பிறந்தது என்று இப்போது மரபணுவை வைத்து நிறுவியிருக்கிறார்கள். தோல் எளிதில் உரியும், விதை கிடையாது, பனிக்கு முன்பே பழுத்துவிடும். கடைசியாகச் சொன்னது முக்கியம். உறைபனி வருவதற்குள் பழத்தைப் பறித்து முடித்துவிடலாம்.

ஜப்பானியர் அதை மூவிலை ஆரஞ்சின் வேரில் ஒட்டினார்கள். வேலியாக நடும் முள்செடிதான் அவர்களுக்கு வேர்ச்செடி. தூங்கத் தெரிந்த வேர், மேலே இருக்கும் மரத்தையும் குளிர்காலத்தில் அடங்கி இருக்கச் செய்கிறது. அதனால் மரத்தின் குளிர் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுகிறது. மரமும் குட்டையாக நிற்கும்.

ஃபுளோரிடாவின் இரண்டு இரவுகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரஞ்சுப் பைத்தியம் பிடித்திருந்தது. வருஷத்துக்கு 50 லட்சம் பெட்டிக்கு மேல் விளைந்தது. கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள், தோட்டத்தையே அடமானம் வைத்து அடுத்த தோட்டம் போட்டவர்கள் என்று ஊரே ஒற்றைப் பயிரின் மேல் நின்றது.

1894 டிசம்பர் 29-ஆம் தேதி உறைபனி வந்தது. மரத்தில் இருந்த பழம் கட்டியாகிக் கொட்டியது. இலை உதிர்ந்தது. ஆனால் மரம் சாகவில்லை. அடுத்த ஐந்து வாரம் நல்ல வெயில். மரங்கள் துளிர்த்தன. சாறு ஏறியது. "பிழைத்துக்கொண்டோம்" என்று சனங்கள் மூச்சுவிட்ட நேரத்தில், 1895 பிப்ரவரி 7, 8 தேதிகளில் இரண்டாவது உறைபனி. சாறு ஏறி விழித்திருந்த மரங்களின் பட்டை வெடித்தது. தரை மட்டம் வரை செத்தன. அடுத்த வருஷ விளைச்சல் ஒன்றிரண்டு லட்சம் பெட்டிக்குச் சரிந்தது. பல வங்கிகள் மூடின. வீட்டையும் தோட்டத்தையும் அப்படியே போட்டுவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. பழைய அளவை எட்டச் சுமார் 15 வருஷம் ஆனது. முதல் பனியைவிட இரண்டாவது பனி கொன்றதற்குக் காரணம், நடுவில் வந்த அந்த ஐந்து வார வெயில்தான்.

ஒரு வங்கிக்காரனாக இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வங்கிகளில் இருந்தவர்களும் என்னைப் போல நிலத்துப் பத்திரத்தைச் சரியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

கசப்பைக் கலந்த மனிதர்

அப்போது ஃபுளோரிடாவில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் சார்பில் ஆரஞ்சு ஆராய்ச்சியில் இருந்தவர்கள் வால்டர் ஸ்விங்கிள், ஹெர்பர்ட் வெபர் என்ற இருவர். "குளிரில் சாகாத மூவிலை ஆரஞ்சையும், இனிக்கும் ஆரஞ்சையும் கலந்தால் குளிரில் சாகாத இனிப்புப் பழம் கிடைக்காதா?" என்பது அவர்களின் கேள்வி. 1897-ல் பெரிய அளவில் கலப்புத் தொடங்கியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எலுமிச்சைக் குடும்பத்தின் ஒரே விதையில் பல முளைகள் வரும். பெரும்பாலும் அவை மகரந்தம் கலந்த பிள்ளைகள் அல்ல, தாயின் அச்சுப் பிரதிகள். இனிப்பு ஆரஞ்சுப் பூவில் மூவிலை ஆரஞ்சின் மகரந்தத்தைத் தடவி, வந்த விதையைப் போட்டால் முளைப்பதில் நிறைய வெறும் தாய்ப் பிள்ளைகள்தான். கலப்பை எப்படி அடையாளம் காண்பது? செடியே காட்டிக்கொடுத்தது. மூவிலை என்ற குணம் ஓங்கிய குணம். நாற்றில் மூன்று இலை தெரிந்தால் அது கலப்பு. ஒற்றை இலை என்றால் தாயின் பிரதி. ஒரு கண்ணாடியும் இல்லாமல் நாற்றங்காலில் குனிந்து பார்த்தே பிரித்துவிடலாம்.

இந்தக் கலப்புக்கு சிட்ரேஞ்ச் என்று பெயர் வைத்தார்கள். மரம் குளிரைத் தாங்கியது. பழம்? புளிப்பும் கசப்பும். சர்க்கரை போட்டுப் பானகம் வேண்டுமானால் செய்யலாம், உரித்துத் தின்ன முடியாது. கிரேப்ஃபுரூட்டோடு கலந்தார்கள், கும்குவாட்டோடு கலந்தார்கள். குளிர் தாங்கும் சக்தி வந்த இடத்தில் எல்லாம் கசப்பும் கூடவே வந்தது. சந்தைக்குப் போகும் பழம் என்ற கணக்கில் பார்த்தால், அந்த முயற்சி தோல்வி.

அதே காலத்தில் இன்னொரு வழியும் நடந்தது. சட்சுமா கன்றுகள் 1870-களிலேயே ஜப்பானிலிருந்து அமெரிக்கா வந்திருந்தன. 1908 முதல் 1911 வரை மட்டும் சுமார் 10 லட்சம் ஒட்டுக் கன்றுகள் கப்பலில் வந்து மெக்சிகோ வளைகுடாக் கரை மாநிலங்களில் நடப்பட்டன. அங்கே சட்சுமா என்ற பெயரிலேயே ஊர்கள் இருக்கின்றன. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த நாற்றுகளோடு இன்னொன்றும் வந்தது. சொறி நோய். நம் எலுமிச்சை இலையிலும் காயிலும் பழுப்புப் பொருக்காக வருகிறதே, அதேதான். அதை ஒழிக்க லட்சக்கணக்கான நாற்றுகளையும் மரங்களையும் எரித்தார்கள். குளிருக்குப் பயந்து வாங்கிய கன்று நெருப்புக்குப் போனது.

மரத்தை மாற்றாமல் இடத்தை மாற்றியவர்கள்

எல்லோரும் கலப்பைத் தேடவில்லை. இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் பல நூற்றாண்டுகளாகவே கல் தூண்கள் நட்டு, குளிர்காலத்தில் மேலே பலகையும் முன்பக்கம் கண்ணாடியும் அடைத்து, வெயில் காலத்தில் கழற்றிவிடும் எலுமிச்சை வீடுகள் இருந்தன. சோவியத் நாட்டில் கருங்கடல் ஓரத்து ஜார்ஜியாவில் சட்சுமாவும் எலுமிச்சையும் பெரிய அளவில் பயிரானது. அதைவிடக் குளிரான மத்திய ஆசியப் பகுதிகளில் பள்ளம் தோண்டி நட்டார்கள். ஓர் ஆள் ஆழம் வரை போகும் பள்ளம், அதில் குட்டையாகக் கவாத்து செய்த மரம், குளிர் இரவுகளில் மேலே கண்ணாடியோ பலகையும் வைக்கோல் பாயுமோ மூடி. ஆழத்து மண் குளிர்காலத்தில் மேல்மண்ணைவிட வெதுவெதுப்பாக இருக்கும் என்ற எளிய உண்மைதான் அதன் மூலதனம். சோச்சி நகரில் ஃபியோதர் சோரின் என்ற ஆராய்ச்சியாளர் 1934-ல் குளிர் தாங்கும் வகைகளைத் தேடி ஒரே மரத்தில் பல வகைகளை ஒட்டத் தொடங்கினார். பின்னால் பல நாட்டு விருந்தினர் ஒட்டுக்கட்டி, அது நட்பு மரம் என்ற பெயரோடு நிற்கிறது.

ஃபுளோரிடாக்காரர்களும் ஒரு கைவைத்தியம் கற்றுக்கொண்டார்கள். குளிர் வருமுன் ஒட்டுக்கு மேலே வரை தண்டைச் சுற்றி மண் அணைப்பது. மேலே கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் நல்ல ரகத்துத் தண்டு பிழைத்துத் துளிர்க்கும். பின்னால் நுண் தெளிப்பான் வந்தது. உறைபனி இரவில் தண்டின் மேல் தொடர்ந்து தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது ஒரு கிலோவுக்கு 80 கிலோ கலோரி வெப்பத்தை விட்டுத்தான் மாறும். அந்த வெப்பம் தண்டைப் பூஜ்ய டிகிரிக்கு அருகில் பிடித்து வைக்கும். நடுவில் தண்ணீர் நின்றால் நிலைமை முன்னைவிட மோசம்.

வேரில் கிடைத்த விடை

இப்போது கதையின் திருப்பத்துக்கு வருகிறேன்.

1842-ல் அசோர்ஸ் தீவுகளில் ஆரஞ்சு மரங்களுக்கு அடித்தண்டு அழுகல் வந்தது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் பரவியது. விதையில் வளர்ந்த மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புளிப்பு ஆரஞ்சின் வேர் அந்த நோயைத் தாங்குகிறது என்று கண்டு, உலகம் முழுக்க அந்த ஒரே வேரில் ஒட்ட ஆரம்பித்தார்கள். நல்ல வேர், நல்ல பழம், எல்லா மண்ணுக்கும் ஒத்துவரும். எல்லோரும் அதையே வைத்தார்கள்.

1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் மரங்கள் காயோடு நின்றபடி வாடத் தொடங்கின. அங்கத்து உழவர்கள் அதற்கு டிரிஸ்டிசா என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் சோகம் என்று பொருள். அசுவினி பரப்பும் ஒரு வைரஸ் நோய் அது. புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டிய மரத்துக்கு அது வந்தால், ஒட்டு இருக்கும் இடத்தில் உணவு கொண்டுபோகும் பட்டைத் திசு செத்துவிடும். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது. வேர் பட்டினியில் சாகும். பிறகு மரம் வாடும். கலிபோர்னியா, ஸ்பெயின் என்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான மரங்கள் போயின. அழுகலுக்கு மருந்தாக வந்த வேரே சோகத்துக்கு வாசலாக ஆனது.

எந்த வேர் தாங்கும் என்று தேடியபோது பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. கசக்கிறது என்று ஒதுக்கிய ஸ்விங்கிளின் கலப்புகள். மூவிலை ஆரஞ்சுக்கு டிரிஸ்டிசா எதிர்ப்பு உண்டு. அதன் பிள்ளைகளும் நோயைத் தாங்கின. அடித்தண்டு அழுகலையும், சில வகைகள் வேர் நூற்புழுவையும் தாங்கின. 1909-ல், குளிர் தாங்கும் பழத்துக்காக ஆரஞ்சையும் மூவிலையையும் கலந்து செய்த பிள்ளைகள்தான் டிராயர், கேரிசோ என்ற இரண்டு சிட்ரேஞ்சுகள். கலிபோர்னியாவும் ஸ்பெயினும் தங்கள் தோட்டங்களை இந்த வேர்களின் மேல்தான் திரும்ப எழுப்பின. கலப்புக்குத் தடையாக இருந்த அந்தத் தாய்ப் பிரதி குணம் இங்கே வரமாகியது. இந்த மரங்களின் விதையைப் போட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி வேர்ச்செடிகள் கிடைக்கும். 1907-ல் கிரேப்ஃபுரூட்டோடு கலந்த இன்னொரு செடி 1974-ல்தான் வேர்ச்செடியாக வெளியிடப்பட்டது. 67 வருஷக் காத்திருப்பு. ஸ்விங்கிள் 1952-லேயே காலமாகிவிட்டார். அந்த வேருக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

யாரும் தின்னாத, விலை போகாத, வேலிக்கு நட்ட ஒரு முள்செடியை வெட்டி எறியாமல் வைத்திருந்ததால்தான் இது நடந்தது.

கதை இன்னும் முடியவில்லை. 1983, 1985, 1989 உறைபனிகளால் ஃபுளோரிடாத் தோட்டங்கள் மேலும் தெற்கே தள்ளப்பட்டன. தெற்கே 2005-ல் கிரீனிங் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சில்லிட் என்ற சிறு சாறுறிஞ்சிப் பூச்சி பரப்பும் நோய் அது. 2003-04-ல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2022-23-ல் 2 கோடிகூட இல்லை. இப்போது சட்சுமாவை நம்பி வடக்கே, குளிர் பக்கம் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம் கன்றுக் குழிக்கு வருவோம்

நம் கீழ்ப் பழனி மலையில் காப்பித் தோட்டத்து நிழலில் நின்ற கொடை ஆரஞ்சு மரங்கள் ஒரு காலத்தில் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். டிரிஸ்டிசாவும் கிரீனிங்கும் அங்கேயும் வந்தவைதான்.

அப்படியானால் மூவிலைக் கலப்பு வேரை வாங்கி வைத்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. அந்த வேருக்குச் சுண்ணாம்பு மண்ணும் உப்புத் தண்ணீரும் ஆகாது. இலை மஞ்சளாகும், இரும்புச் சத்து ஏறாது. நம் சமவெளியில் பல இடம் அப்படிப்பட்ட மண். இந்தியாவில் பெரிதும் பயன்படும் ஜம்பேரி வேர் டிரிஸ்டிசாவைத் தாங்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகும். நம் எலுமிச்சைக்கோ வேர் மாற்றினாலும் டிரிஸ்டிசாவிலிருந்து முழுத் தப்பு இல்லை. மேலே இருக்கும் எலுமிச்சையையே அந்த வைரஸ் தாக்கும். ஆனால் அது விதை வழியாக வராது. எனவே நல்ல தாய்மரத்து விதையில் வந்த நாற்று சுத்தமாகவே தொடங்கும். நோய் கண்ட மரத்தில் மொட்டு எடுத்து ஒட்டினால், நோயையும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கன்று வாங்கும்போது நான் இப்போது கேட்கும் கேள்விகள் இவை:

1. விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா? ஒட்டு என்றால் எந்த வேர்? பெயர் தெரியவில்லை என்றால் வாங்குவதில்லை.

2. தாய்மரத்தைக் காட்ட முடியுமா? அதற்கு எத்தனை வயது? பக்கத்து மரங்கள் எப்படி இருக்கின்றன?

3. என் மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு, கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு? முதலில் இதைப் பரிசோதித்துவிட்டுத்தான் வேரைத் தேர்வு செய்ய வேண்டும்.

4. ஒட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கிறதா? நம் ஊரில் நடும்போது ஒட்டைப் புதைக்கக் கூடாது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ள வேண்டும்.

5. இலையில் சொறிப் பொருக்கு, மஞ்சள் திட்டு இருக்கிறதா? ஒரு கன்றில் இருந்தால் அந்த வண்டியையே இறக்கக் கூடாது. வெளிநாட்டுக் கன்று, முறையான தொற்றுத் தடுப்புச் சோதனை இல்லாமல் வந்தது என்றால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மேல்மலைத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். உங்கள் ஊரில் இரவு பனி, பகலில் நல்ல வெயில். மரம் முழுதாகத் தூங்காது. விளம்பரத்தில் உள்ள மைனஸ் 10 என்பது தூங்கிய மரத்தின் கணக்கு. ஃபுளோரிடாவின் பிப்ரவரி மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வேண்டாம், வேரின் பெயரை எழுதிக் கொடுப்பவரிடம் இரண்டு வாங்குங்கள். மூன்று பனிக்காலம் பாருங்கள். பிறகு முடிவு செய்யலாம். அவர் தலையாட்டினார். வாங்குவாரா, மாட்டாரா, தெரியாது. ஆனால் போகும்போது கன்று விற்பவருக்கு மறுபடியும் போன் போட்டு, "அந்த வேருக்குப் பேர் என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

ஒன்று மட்டும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நம் வேலியோரத்திலும் கொல்லையிலும் நாரத்தை, கிச்சிலி, கொளுஞ்சி, கடாரங்காய் என்று ஊருக்கு ஒரு பழைய மரம் இன்னும் நிற்கிறது. காட்டோரத்தில் குருந்து நிற்கிறது. அதுவும் இந்தக் குடும்பத்துச் சொந்தம்தான். "ஊறுகாய்க்குக்கூட யாரும் கேட்கிறதில்லை" என்று வெட்டிவிடாதீர்கள். எந்த மரத்தின் வேரில் நாளைய நோய்க்கு விடை இருக்கிறது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர் நாரத்தை விதை பத்து எடுத்து வாருங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், மரத்துக்கு என்ன வயது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சேர்த்துக் கட்டி வாருங்கள். அதுதான் அந்த விதையின் மூலப்பத்திரம்.